பீரங்கியைத் தொடும் உரிமை

இந்தியத் தரைப்படையின் ஒரு லெப்டினன்ட் ஜெனரல், பீரங்கிப் படையிலிருந்து உயர்ந்து வந்தவராக இருந்தால், தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது ‘நான் ஒரு கன்னர்’ என்று சொல்வதுண்டு. கன்னர் என்பது அப்படையின் மிகக் கீழ்நிலைப் பணியின் பெயர். நேற்றுப் பயிற்சி முடித்து வந்த இருபது வயது இளைஞனும் கன்னர்தான். காலாட்படையிலிருந்து வந்த ஜெனரல் தம்மைச் ‘சிப்பாய்’ என்று அழைத்துக்கொள்வது அரிது. பணிநிலைகளை இவ்வளவு கறாராகப் பிரிக்கும் ஓர் அமைப்பில், மேல்முனையும் கீழ்முனையும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வது எப்படி நேர்ந்தது? மொழியியல் படித்துவிட்டு இராணுவ வரலாற்றுக்குள் நுழைந்த எனக்கு இந்தக் கேள்வியே முதல் நுழைவாயிலாக இருந்தது. பதிவு சற்று நீளம். பொறுமையுள்ளோர் தொடர்க.

சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் நாம் பீரங்கி என்கிறோம். இச்சொல்லின் வேர் ‘ஃபிரங்கி’. ஐரோப்பியரைக் குறித்த பாரசீக, அராபிய வழக்கு. ‘பறங்கி’யும் அதே வேரில் கிளைத்ததே. ஆக, நம் மொழி இக்கருவிக்கு அந்நியனின் பெயரையே சூட்டியது. தஞ்சையில் நாயக்கர் காலத்தில் உருவான இராஜகோபால பீரங்கி போன்ற உள்ளூர்ப் பெருவேலைகளுக்கும் அந்த அயற்பெயரே நிலைத்தது. வடக்கே ‘தோப்’ என்னும் துருக்கியச் சொல் வழங்கிற்று. பீரங்கிப் படை ‘தோப்கானா’ ஆயிற்று. வீரர் ‘தோப்சி’ ஆனார். குண்டு எறிபவர் என்னும் பொருளில் ‘கோலந்தாஸ்’ என்றொரு சொல்லும் உண்டு. ‘கோலா’ என்றால் குண்டு. ‘அந்தாஸ்’ என்றால் எறிபவர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியப் பீரங்கி வீரர்களுக்கு அப்பெயரையே அதிகாரப்பூர்வமாக வைத்துக்கொண்டது.

ஆனால் அந்தப் பெயரைக் கம்பெனி எளிதில் கொடுத்துவிடவில்லை. 1748இல் அது தன் மூன்று மாகாணங்களிலும் பீரங்கிக் கம்பெனிகளை அமைக்க முடிவு செய்தபோது, வெடிமருந்துக் கூடத்துக்குள் இந்தியரோ கலப்பினத்தவரோ கால் வைக்கக் கூடாது என்று விதித்தது. கத்தோலிக்கருக்கும் அதே தடை. பிரெஞ்சுக்காரர் மீதான அச்சம் அப்படி. இந்தியர் பீரங்கியை இழுக்கலாம், தள்ளலாம், அதன் மாடுகளை ஓட்டலாம், இயக்குவதுதான் கூடாது. அவ்வாறு இழுத்தவர்களுக்கு ‘லஸ்கர்’ என்று பெயர். ‘லஷ்கர்’ பாரசீகத்தில் படையையே குறிக்கும் கம்பீரமான சொல். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அது சுமைதூக்கியின் நிலைக்கு இறங்கிவிட்டது. (தமிழகப் பொதுப்பணித் துறையில் மதகைத் திறந்து மூடும் ஊழியரை லஸ்கர் என்பது இந்த இறக்கத்தின் இன்னொரு படி.) போர்கள் பெருகி ஐரோப்பிய ஆட்கள் போதாமற்போனதால், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோலந்தாஸ் பிரிவுகள் உருவாயின. தேவை வரும்போது உருவாக்குவதும், ஐயம் வரும்போது கலைப்பதுமாக அது நடந்தது.

ஐயத்துக்குக் காரணம் இருந்தது. பஞ்சாபில் இரஞ்சித் சிங்கின் படையில் இந்தியர் பீரங்கியோடு என்ன செய்ய முடியும் என்பது கண்கூடாகத் தெரிந்தது. 1827இல் லாகூர் வந்துசேர்ந்த கிளாட் ஒகஸ்ட் கோர்ட் போன்ற பிரெஞ்சு அதிகாரிகள் பயிற்சி தந்தார்கள். லெஹ்னா சிங் மஜீதியா பீரங்கிகளை வார்த்தார். இலாஹி பக்‌ஷ் பீரங்கிப் படைத் தளபதியாக விளங்கினார். அந்தக் கால்சா படையின் பீரங்கி வீரர்களில் பெரும்பகுதியினர் பஞ்சாபி முஸ்லிம்கள் என்பதைச் சீக்கியப் பேரரசு பற்றிய இன்றைய எளிய கதையாடல்கள் சொல்வதில்லை. 1845 டிசம்பரில் பெரோஸ்ஷாவிலும், 1846 பிப்ரவரியில் சோப்ராவனிலும் கால்சா தோற்றது. ஆனால் அதன் பீரங்கி வீரர்கள் பலர் பீரங்கியைவிட்டு ஓட மறுத்து, அதன் சக்கரத்தருகிலேயே வெட்டுண்டு மடிந்ததை எதிரிகளே வியந்து எழுதினார்கள். அதன்பின் வந்த லாகூர் உடன்படிக்கை, சோப்ராவனில் பிடிபடாமல் எஞ்சியிருந்த 36 பீரங்கிகளைத் தனியே குறிப்பிட்டு ஒப்படைக்கச் சொன்னது. நிலத்தோடும் பணத்தோடும் நிற்காமல் பீரங்கிகளையும் எண்ணிக்கை போட்டுக் கேட்டதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஏன் ஓடவில்லை? காலாட்படைக்குக் கொடி உண்டு. போரில் கொடியை இழப்பது அவமானம். பீரங்கிப் படையின் மரபில் பீரங்கியே கொடி. பிரிட்டிஷ் மரபிலும் அதைத் தொடர்ந்த இந்திய மரபிலும் இது எழுதப்பட்ட வழக்கம். எழுத்து வழக்கம் ஏதும் இல்லாத கால்சா வீரரும் அதையே செய்தாரென்றால், காரணத்தை வழக்கத்துக்கு அப்பால் தேட வேண்டும். வேலையின் அமைப்பிலேயே அது இருக்கிறது என்பது என் வாதம். துப்பாக்கியை ஒருவர் சுடலாம். பீரங்கியை ஒருவர் சுட முடியாது. ஒருவர் குறி வைக்கிறார், ஒருவர் குண்டைத் திணிக்கிறார், ஒருவர் மருந்தை அளக்கிறார், ஒருவர் பின்வாயை மூடுகிறார். இவர்களுக்கு மேலே ஹவில்தார் ஒருவர். இரண்டாம் உலகப்போரின் 25 பவுண்டர் பீரங்கிக்கு ஆறு பேர். பயிற்சியில் இவர்கள் பெயரால் அழைக்கப்படுவதில்லை, எண்ணால் அழைக்கப்படுகிறார்கள். நம்பர் ஒன், நம்பர் டூ. அந்த எண் ஆளுக்கு உரியதன்று, இடத்துக்கு உரியது. பயிற்சியில் ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள்; ஒவ்வொருவரும் மற்றவரின் வேலையையும் கற்றாக வேண்டும். ஏனெனில் நம்பர் த்ரீ விழுந்தால் யாராவது உடனே நம்பர் த்ரீ ஆக வேண்டும். சாதி, மதம், ஊர் என்று பெயரோடு ஒட்டிவரும் எல்லாவற்றையும் எண் உதிர்த்துவிடுகிறது. பத்து நிமிடத்துக்கேனும்.

மேலும் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பீரங்கி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இலக்கைச் சுடுகிறது. மலைக்கு அப்பால் இருக்கும் எதிரியைப் பீரங்கியருகில் நிற்பவர் பார்ப்பதில்லை. முன்னணியில் காலாட்படையோடு இருக்கும் அதிகாரி பார்த்துச் சொல்கிறார், தொலைபேசியிலோ வானொலியிலோ எண்கள் வருகின்றன, பீரங்கி திரும்புகிறது. சுடுபவர் காண்பது தன் தோழரின் முதுகையும் கையையும் மட்டுமே. எதிரியைக் காணாதவருக்கு வீரம் என்பது என்னவாக இருக்கும்? எத்தனை நொடியில் அடுத்த குண்டு போகிறது, எவ்வளவு பிசகின்றிப் போகிறது என்பதுதான். பக்கத்துப் பீரங்கிக்காரர்களைவிட ஒரு நொடி முந்துவது மெய்யான பெருமை. காலாட்படைக் கதைகளில் தனிவீரன் நிறைந்திருக்கிறான். பீரங்கிப் படைக் கதைகளில் ‘நாங்கள்’ நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

இனி 1857. கிளர்ந்தெழுந்தோர் தில்லியில் திரண்டபோது அவர்களுக்குத் தலைமை தாங்க வந்தவர் பக்த் கான்; கம்பெனிப் பீரங்கிப் படையில் நெடுங்காலம் உழைத்த சுபேதார். கம்பெனி கற்றுக்கொடுத்த முறையிலேயே கம்பெனியை நோக்கிப் பீரங்கிகள் முழங்கின. எழுச்சியை ஒடுக்கியபோது, பிடிபட்டோரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்த தண்டனையும் நடந்தது. எந்தக் கருவியைத் தொடும் உரிமை கேட்டார்களோ, அதையே அவர்களின் உடலுக்கு எதிராகத் திருப்பியது ஆட்சி. பின்னர் படையைச் சீரமைக்க அமைந்த பீல் ஆணையம், பீரங்கிப் படை ஐரோப்பியர் கையிலேயே இருக்க வேண்டும் என்றது. கோலந்தாஸ் பிரிவுகள் மறைந்தன. விதிவிலக்காக எஞ்சியவை மிகச் சில. அவற்றுள் முதன்மையானவை பம்பாய், பஞ்சாப் எல்லைப்புறங்களின் மலைப் பாட்டரிகள். அவை சிறிய பீரங்கிகள். பிரித்துக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிச் செல்பவை. பிற்காலத்து 3.7 அங்குல மலைப் பீரங்கிக்கு எட்டுக் கழுதைகள் வேண்டும். பதான் குன்றுகளில் அவை தேவைப்பட்டன. தில்லிக் கோட்டையை உடைக்க அவற்றால் இயலாது. எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதைக் குழாயின் விட்டத்தில் அளந்திருக்கிறார்கள்.

தென்னகம் இதில் இருமுறை இழந்தது. கோலந்தாஸ் கலைந்ததோடு சென்னைப் படையின் பீரங்கி மரபு அறுந்தது. பிறகு 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத் தலைவராகவும், 1885 முதல் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த பிரெடரிக் இராபர்ட்ஸ், ‘போர்க்குடிகள்’ கோட்பாட்டைக் கொள்கையாக்கித் தமிழர், தெலுங்கர் சேர்க்கையைச் சுருக்கினார். இராபர்ட்ஸ் யார்? வங்காளப் பீரங்கிப் படையில் வளர்ந்த கன்னர். 1899இல் தென்னாப்பிரிக்காவின் கொலென்சோவில் கைவிடப்பட்ட பீரங்கிகளை மீட்கப் போய் இறந்தவர்களில் அவருடைய ஒரே மகனும் ஒருவர். பீரங்கிக்காக மகனையே இழந்த ஒருவர், அந்தப் பிணைப்பு பிறப்பால் வருவதென்று நம்பினார் என்பதை நான் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை. பிறப்பால் வருவதில்லை என்பதற்கான சான்று, எஞ்சியிருந்த அதே மலைப் பாட்டரிகளில் அவர் கண்முன்னேயே இருந்தது.

1915 ஏப்ரல் 25 அன்று கலிபோலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கரையேறியபோது அவர்களுடன் இறங்கியவை ஜேக்கப் மலைப் பாட்டரியும் கோஹாட் மலைப் பாட்டரியும். சீக்கியரும் பஞ்சாபி முஸ்லிம்களும் கலந்த பாட்டரிகள் அவை. அக்கால இந்தியப் படையின் வழக்கப்படி சமையற்கூடங்கள் வேறு வேறு, பீரங்கி ஒன்று. அந்தக் கடற்கரையில் காயம்பட்டோரைக் கழுதை மேல் ஏற்றிச் சுமந்த ஜான் சிம்ப்சன் ஆஸ்திரேலியாவின் தேசிய நாயகர்களுள் ஒருவராக இன்றும் கொண்டாடப்படுகிறார். அவர் தன் சொந்தப் பிரிவோடு தங்காமல் கோஹாட் பாட்டரியோடு தங்கினார். கழுதைக்குத் தீனி அங்கேதான் கிடைத்தது. இந்திய வீரர்கள் அவரைப் ‘பகதூர்’ என்றழைத்தார்கள். மே 19 அன்று அவர் இறந்தார். ஆஸ்திரேலியப் பாடநூல் சிம்ப்சனைச் சொல்கிறது. தீனி கொடுத்தவர்களைச் சொல்வது குறைவு.

பெரிய பீரங்கிகள் இந்தியர் கைக்குத் திரும்ப 1935 ஆயிற்று. அவ்வாண்டு ஜனவரி 15 அன்று பெங்களூரில் ‘ஏ’ ஃபீல்டு பிரிகேடு அமைக்கப்பட்டது. பீல் ஆணையத்துக்கும் இதற்கும் இடையே முக்கால் நூற்றாண்டு. அக்காலத்தில் பீரங்கிப் படை அதிகாரியான முதல் சில இந்தியருள் ஒருவர், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தைச் சேர்ந்த ப.சுப்பராயனின் மகன் பி.பி.குமாரமங்கலம். வூல்விச்சில் பயின்று 1933இல் பணியேற்றார். 1942 மே 27 காலை, லிபியாவில் பீர் ஹக்கீம் அருகே இத்தாலிய டாங்குகள் மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேடின் மீது ஏறி வந்தபோது, இரண்டாம் இந்தியப் ஃபீல்டு ரெஜிமெண்டின் பீரங்கிகள் அவற்றை நேருக்கு நேர் எதிர்கொண்டன. பிரிகேடு சிதறியது. வட ஆப்பிரிக்கச் சமரில் காட்டிய துணிவுக்காகக் குமாரமங்கலம் டி.எஸ்.ஓ. விருது பெற்றார், போர்க்கைதியாகவும் இருந்தார். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைவராக இருந்த அவரே, அப்பதவிக்கு வந்த முதல் பீரங்கிப் படை அதிகாரி.

ஆனால் நான் அதிகம் நினைப்பது ஒரு ஹவில்தாரை. 1944 டிசம்பர் 15, 16க்கு இடைப்பட்ட இரவு, பர்மாவின் கலதான் பள்ளத்தாக்கு. உம்ராவ் சிங் ஒரு மலைப் பீரங்கியின் தலைவர். இன்றைய ஹரியாணாவின் ஜஜ்ஜர் பகுதிக்காரர். அவர் பீரங்கி துணைநின்றது மேற்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவுக்கு. கோல்டு கோஸ்ட் காலாட்படைக்கு, அதாவது இன்றைய கானா நாட்டு வீரர்களுக்கு, ஹரியாணாக்காரரின் பீரங்கி காவல். ஜப்பானியர் ஒன்றரை மணி நேரம் குண்டுமழை பொழிந்துவிட்டுக் குறைந்தது இரண்டு கம்பெனி அளவில் பாய்ந்தார்கள். கையெறி குண்டுகளால் காயமுற்றும் அவர் தன் ஆட்களின் சுடுதலை நெறிப்படுத்தினார். அடுத்த அலையில் அவரும் இருவரும் மட்டும் எஞ்சினர். தோட்டா தீர்ந்தபோது, பீரங்கியைத் தூக்கப் பயன்படும் கனத்த இரும்புத் தண்டைக் கையில் எடுத்தார். எதிர்த்தாக்குதலில் இடம் மீட்கப்பட்டபோது, ஏழு கடுங்காயங்களோடு பீரங்கியின் பக்கத்தில் கிடந்தார்; சுற்றிலும் பத்து ஜப்பானியரின் உடல்கள். அன்று பின்னர் அந்தப் பீரங்கி மீண்டும் சுட்டது. இந்தியப் பீரங்கிப் படையினருள் விக்டோரியா சிலுவை பெற்றவர் அவர் ஒருவரே. தனிவீரனின் கதைபோல் தோன்றும் இதிலும் அவர் காத்தது பீரங்கியை. அவர் ஏந்திய ஆயுதமும் அதன் உறுப்பு.

இவ்வளவு சொன்னபின் எதிர்ச்சான்றையும் வைப்பதே நேர்மை. 1942 மார்ச் 10, 11க்கு இடைப்பட்ட இரவு, இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில், ஒரே ஒரு ஆறு அங்குலப் பீரங்கியைக் காத்துநின்ற ஹாங்காங்–சிங்கப்பூர் பீரங்கிப் படையின் சிறு காவற்பிரிவில், சுபேதார் மீர் அலியின் தலைமையில் இந்திய வீரர்கள் எழுந்து, தங்கள் பிரிட்டிஷ் அதிகாரியையும் நான்கு பிரிட்டிஷ் படைவீரர்களையும் கொன்றனர். மாத இறுதியில் ஜப்பானியர் தீவில் இறங்கினர். ஒரே பீரங்கி, ஒரே வேலை, ஒரே தீவு. அப்படியிருந்தும் தோழமை விளையவில்லை. வேலை தானாகவே தோழமையை உண்டாக்கும் என்ற வாதம் இங்கே இடறுகிறது. எண்கள் மாறி மாறி வரும் இடத்தில்தான் அது விளைகிறது. கட்டளையிடும் எண் என்றும் ஓர் இனத்துக்கே உரியதாக இருந்த இடத்தில் விளையவில்லை. பிணைப்பைப் போலவே அதன் முறிவையும் அமைப்பே உண்டாக்குகிறது. 1947ஐயும் இங்கே நினைக்க வேண்டும். புகழ்பெற்ற எல்லைப்புற மலைப் பாட்டரிகளில் பல பாகிஸ்தானுக்குப் போயின; ஒரே பீரங்கியின் இருபுறமும் நின்ற சீக்கியரும் முஸ்லிமும் இரு நாட்டுப் படைகளுக்குப் பிரிந்தனர். சேர்க்கையைப் பிறப்பால் செய்த அமைப்பு, பிரிவினையையும் பிறப்பால் செய்து முடித்தது. இன்றும் சில பீரங்கி ரெஜிமெண்டுகளில் குறிப்பிட்ட வகுப்பினரே சேர்க்கப்படுகிறார்கள். பிற, எல்லாரும் கலந்தவை.

சுதந்திர இந்தியப் பீரங்கிப் படையின் முழக்கம்: ‘சர்வத்ர இஜ்ஜத்-ஓ-இக்பால்’. எங்கும் மானத்தோடும் புகழோடும். முதற்சொல் சமஸ்கிருதம், பின்னவை அராபிய வேர்கொண்டு பாரசீக இணைப்போடு வந்தவை, இவ்வனைத்துக்கும் பின்னே நிற்பது ‘எங்கும்’ என்னும் பொருள்கொண்ட பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் இலத்தீன் முழக்கம். ஒவ்வொரு போரிலும் இருந்ததால் போர்ப் பெயர்களைத் தனித்தனியே பொறிக்க வேண்டியதில்லை என்று 1830களில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது அது. மொழித்தூய்மை பேசுவோர் இந்த முழக்கத்தைத் திருத்த முனையாதிருப்பார்களாக. ஆண்டுதோறும் செப்டம்பர் 28 கன்னர் நாளாகக் கொண்டாடப்படுவதும் கவனத்துக்குரியது. 1827இல் பம்பாயின் ஐந்தாம் மலைப் பாட்டரி அமைந்த நாள் அது. கலைக்கப்பட்ட மரபில் கலையாமல் எஞ்சிய ஓர் இழையையே தொடக்கமாகத் தேர்ந்திருக்கிறார்கள்.

1999இல் கார்கிலில் ஏறத்தாழ 2,50,000 குண்டுகளும் ராக்கெட்டுகளும் சுடப்பட்டன. போஃபர்ஸ் பீரங்கிகள் சிகரங்களை நேர்ப்பார்வையில் தாக்கின. இலக்குச் சொல்லும் அதிகாரிகள் காலாட்படையோடு பாறை ஏறினர். ஆயினும் நம் திரைப்படங்களில் கார்கில் என்றால் காலாட்படையே. 2022இல் திராஸ் பகுதியின் 5140 முனைக்குக் ‘கன் ஹில்’ என்று பெயர் சூட்டப்பட்டபோது, அப்படையினர் அடைந்த மகிழ்ச்சியை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ள வேண்டும்.

2023 ஏப்ரல் 29 அன்று, சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி முடித்த ஐந்து பெண்கள் பீரங்கிப் படையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். அப்படைக்கு வந்த முதல் பெண் அதிகாரிகள் அவர்கள். இனி அவர்களும் தம்மைக் கன்னர் என்று சொல்லிக்கொள்ளலாம். அச்சொல்லையே பணிநிலையாகக் கொண்டு, நம்பர் டூவாகவும் நம்பர் த்ரீயாகவும் பீரங்கியருகில் நிற்கும் வரிசையில் பெண்களுக்கு இன்னும் இடம் திறக்கப்படவில்லை.